அடைமழைக்கு முன்னே முன் சக்கரத்துப் பூட்டைப் பாருங்கள்

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான பேச்சு)



ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் கீழ்ப்பழனி மலைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு இரண்டு கவலை வந்து சேரும். பழுத்த காப்பிப் பழம் செடியிலேயே வெடித்து உதிர்ந்து போகுமே என்பது ஒன்று. பறித்த சரக்கைத் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு எப்படிக் கொண்டுவந்து சேர்ப்பது என்பது இன்னொன்று. முதல் கவலையைப் பற்றிப் பேச என்னைவிடப் படித்தவர்கள் வருவார்கள். நான் பேசப் போவது இரண்டாவது கவலையைப் பற்றி. அதிலும் ஒரே ஒரு சாமானைப் பற்றி.

நாலு சக்கரமும் இழுக்கிற பழைய ஜீப்போ பிக்கப்போ வைத்திருக்கிறவர்கள், முன் சக்கரத்தின் நட்ட நடுவே கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள்ளே இருப்பதுதான் லாக்கிங் ஹப். சில வண்டியில் அது தானாகவே பூட்டிக்கொள்ளும். சில வண்டியில் நாம் இறங்கிப் போய்க் கையால் திருகிப் பூட்ட வேண்டும். தானாகப் பூட்டுகிற ஹப் தேய்ந்துபோனால், அதை எடுத்துவிட்டுக் கையால் பூட்டுகிற ஹப்பை மாட்டலாமா, மாட்டுவதானால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் மெக்கானிக் இல்லீங்க. தோட்டக்காரன். இரண்டு தடவை அடிபட்டுக் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

சமவெளியில் டிராக்டர் வைத்திருக்கிறவர்கள், இது நமக்கு எதுக்கு என்று ரேடியோவைத் திருகிவிட வேண்டாம். நாலு வீல் டிரைவ் டிராக்டரில் இந்த ஹப் பூட்டுக் கிடையாது, லீவரைப் போட்டாலே முன் அச்சு சேர்ந்துகொள்ளும். இருந்தாலும் காய்ந்த ரோட்டில் நாலு வீலையும் சேர்த்து ஓட்டக் கூடாது என்று பின்னால் ஒன்று சொல்லப் போகிறேன். அது உங்களுக்கும் பொருந்தும்.

முதலில் இந்த ஹப் எதற்கு என்று பார்ப்போம். என்ஜினிலிருந்து வருகிற இழுவை கியர் பெட்டிக்கு வருகிறது. அதற்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி இருக்கிறது. குட்டி லீவர் அதற்குத்தான். டூ ஹெச்சில் லீவர் இருந்தால் இழுவை பின்பக்கம் மட்டும் போகும். ஃபோர் ஹெச்சில் போட்டால் முன்பக்கத்துக்கும் ஒரு ராடு வழியாகப் போய், முன் அச்சிலுள்ள டிஃப்ரன்ஷியல் கியர் வழியாக இரண்டு ஆக்சில் ஷாஃப்டுக்கும் பிரியும். ஃபோர் எல் என்பது அதே நாலு வீல்தான், மெதுவாக, பலமாக இழுக்கும்.

இப்போது ஒரு கேள்வி. நாம் தார் ரோட்டில் டூ ஹெச்சில் போகிறோம். முன் சக்கரம் எப்படியும் உருளும். அந்தச் சக்கரம் ஆக்சில் ஷாஃப்டோடு ஒட்டியே இருந்தால் என்ன ஆகும்? ஷாஃப்டு, டிஃப்ரன்ஷியல், முன் ராடு எல்லாம் வெட்டியாகச் சுற்றிக்கொண்டே வரும். தேய்மானம், இரைச்சல், கொஞ்சம் டீசலும் வீண். அதைத் தவிர்க்கத்தான் சக்கரத்துக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் ஒரு பூட்டு வைத்தார்கள். பூட்டைத் திறந்துவிட்டால் சக்கரம் தன்பாட்டுக்கு உருளும், ஷாஃப்டு சும்மா நிற்கும். சைக்கிளில் பெடலை மிதிக்காமல் இறக்கத்தில் போகிறபோது பின் சக்கரம் மட்டும் ஓடுகிறதே, அந்த மாதிரி.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இந்தப் பூட்டுக் கிடையாது. பட்டாளத்துக்கு பெட்ரோலும் தேய்மானமும் கணக்கில்லை. போர் முடிந்து அந்த ஜீப்புகளை அமெரிக்காவில் விவசாயிகளும் மற்றவர்களும் மலிவாக வாங்கி ரோட்டில் ஓட்ட ஆரம்பித்தபோதுதான் குறை தெரிந்தது. 1948-ல் சியாட்டில் நகரத்தில் ஆர்தர் வார்ன் என்பவர் ஜீப்புக்கென்று இந்தப் பூட்டு ஹப்பைச் செய்து விற்க ஆரம்பித்தார். நம் நாட்டிலும் 1940-களின் கடைசியிலிருந்தே மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்துப் பூட்டி விற்றது. தோட்டங்களுக்குள் ஜீப்பு ஏறியது அந்த வழியில்தான்.

கையால் பூட்டுகிற ஹப்பில் ஒரு குமிழ் இருக்கும். ஒரு பக்கம் திருகினால் லாக், மறுபக்கம் திருகினால் ஃப்ரீ. உள்ளே பல் வைத்த ஒரு வளையம் நகர்ந்து ஷாஃப்டையும் சக்கரத்தையும் கோத்துவிடும். அவ்வளவுதான் வேலை. மழையில் இறங்கிச் சேற்றில் குனிந்து திருக வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ஒரே தொந்தரவு.

அந்தத் தொந்தரவு வேண்டாம் என்றுதான் தானியங்கி ஹப் வந்தது. 1980-களில் அமெரிக்க, ஜப்பான் பிக்கப் வண்டிகளில் இது நிறைய வந்தது. டிரைவர் சீட்டில் இருந்தபடியே லீவரைப் போட்டு வண்டியை நகர்த்தினால் போதும், ஷாஃப்டு சுற்ற ஆரம்பித்ததும் உள்ளே சாய்வாக வெட்டிய ஒரு வளையம், மெக்கானிக்குகள் கேம் என்பார்கள், பல் வளையத்தைத் தள்ளிக்கொண்டு போய்க் கோத்துவிடும். விடுவிப்பதற்கு டூ ஹெச்சுக்கு மாற்றி, பத்துப் பன்னிரண்டு அடி வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கேம் தள்ள வேண்டுமானால், உள்ளே ஏதாவது ஒன்று அதை லேசாகப் பிடித்து நிறுத்த வேண்டும். அதற்கென்று ஒரு சின்ன உராய்வுத் துண்டு வைத்திருப்பார்கள். சில வண்டியில் அது பிளாஸ்டிக்காகக்கூட இருக்கும். இந்தச் சின்னத் துண்டு தேய்ந்தால் பூட்டு விழாது. உள்ளே கிரீஸ் இறுகிப்போனால் பூட்டு விழாது. மார்கழிக் குளிரில் காலையில் பூட்டாமல் அடம்பிடித்து, மத்தியானம் வெயில் வந்ததும் பூட்டுகிற வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

சேற்றில் சிக்கினால் நாம் என்ன செய்வோம்? முன்னே கொஞ்சம், பின்னே கொஞ்சம் என்று வண்டியை ஆட்டி ஆட்டி எடுப்போம். திசை மாறுகிற ஒவ்வொரு தடவையும் தானியங்கி ஹப் பிடியை விட்டுவிட்டு மறுபக்கமாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ‘டக், டக்’ என்று அடிக்கும். புதிதாக இருக்கிறவரைக்கும் தாங்கும். பழசானால் பல் மழுங்கும், ஒருநாள் உடையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. மலைத்தோட்டக்காரர்கள் இந்த இடத்தைக் கவனமாகக் கேளுங்கள். ஏற்றத்தில் ஷாஃப்டு சக்கரத்தைத் தள்ளுகிறது. இறக்கத்தில் கியரில் விட்டு இறங்குகிறபோது தலைகீழாகிவிடுகிறது. சக்கரம் ஷாஃப்டைத் தள்ள, என்ஜின் பிடித்து நிறுத்துகிறது. திசை மாறுகிற அந்தக் கணத்தில் சில வகைத் தானியங்கி ஹப் பிடியை விட்டுவிடும். நல்ல நிலையில் இருந்தால் உடனே மறுபக்கம் பூட்டிக்கொள்ளும். தேய்ந்திருந்தால் பூட்டாமலே சறுக்கும். அப்போது நாலு வீலில் இறங்குகிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் என்ஜின் பிடிப்பு பின் இரண்டு சக்கரத்தில் மட்டும்தான் இருக்கும். ஈரக் களிமண்ணில் பின் சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கித் திரும்பிவிடும்.

எனக்கு அப்படித்தான் நடந்தது. நான் வாங்கினது பழைய பிக்கப். நாலு கை மாறி வந்தது. கார்த்திகை மாசம், மலைவாழைத் தார் ஏற்றிக்கொண்டு தோட்டத்திலிருந்து இறங்குகிறேன். பக்கத்தில் என் தங்கச்சி மகன். மேலே சமதரையில் ஃபோர் எல் போட்டேன், விளக்கும் எரிந்தது. இரண்டாவது வளைவு திரும்பி இறக்கத்தில் விட்டேனோ இல்லையோ, முன்பக்கம் ‘டடடட’ என்று சோளம் பொரிகிற மாதிரி சத்தம். பின்பக்கம் மெதுவாகப் பள்ளத்தைப் பார்க்கத் திரும்புகிறது. “மாமா, பிரேக்கு!” என்று பையன் கத்துகிறான். அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தினால் இன்னும் வழுக்கும் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் கால் தானாகப் போய் அழுத்திவிட்டது. மிளகுக் கொடி ஏறின ஒரு சில்வர் ஓக் மரம் வண்டியைத் தாங்கிக்கொண்டது. அந்த மரம் இல்லாவிட்டால் இந்தப் பேச்சு இல்லை. இறங்கிப் பார்த்தால் வலது பக்க ஹப் பூட்டவே இல்லை.

விளக்கைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. டேஷ்போர்டில் எரிகிற நாலு வீல் விளக்கு பல வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸில் லீவர் விழுந்ததைத்தான் காட்டும். ஹப் பூட்டினதைக் காட்டாது. விளக்கை நம்பி இறக்கத்தில் விடாதீர்கள்.

ஒரு பக்கம் பூட்டினால் போதாதா, பாதி இழுவையாவது கிடைக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது. சாதாரண டிஃப்ரன்ஷியல் எந்தப் பக்கம் சுலபமாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கமே இழுவையை விட்டுவிடும். ஒரு பக்க ஹப் திறந்திருந்தால் அந்த ஷாஃப்டு காற்றில் சுற்றுகிற மாதிரிச் சுற்றும், பூட்டின பக்கத்துச் சக்கரம் அசையாது. இரண்டும் பூட்டினால்தான் நாலு வீல். ஒன்று கெட்டால் இரண்டு வீல்தான்.

உங்கள் வண்டியில் ஹப் பூட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். சமதரையாக, மண் தரையாக இருக்கட்டும். ஃபோர் ஹெச் போட்டு ஒரு இருபது அடி மெதுவாக முன்னால் போய் நிறுத்துங்கள், பின்னால் எடுக்காதீர்கள். குட்டி லீவர் ஃபோர் ஹெச்சிலேயே இருக்கட்டும், கியரில் விட்டு என்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கை பிரேக் போட்டு, பின் சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் கொடுங்கள். முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்குங்கள். தூக்கின சக்கரத்தைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். கொஞ்சம் ஆடி நின்றுவிட்டால் இரண்டு ஹப்பும் பூட்டியிருக்கிறது. தாராளமாகச் சுற்றினால் இரண்டில் ஒன்று பூட்டவில்லை. அடுத்த பக்கமும் இதே மாதிரி பாருங்கள். இந்தச் சோதனைக்கு வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டியதில்லை, படுக்கவும் கூடாது.

பூட்டவில்லை என்றால் உடனே புது ஹப் வாங்கக் கிளம்பிவிடாதீர்கள். ஒரு தடவை கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, லேசாகக் கிரீஸ் தடவி மாட்டினாலே பல ஹப் உயிர் பிழைக்கும். கழுவியும் பூட்டவில்லை, பல் மழுங்கியிருக்கிறது, உராய்வுத் துண்டு உடைந்திருக்கிறது என்றால்தான் மாற்ற வேண்டும். அப்போது இன்னொரு தானியங்கி ஹப்பே மாட்டுவதா, கைப்பூட்டு மாட்டுவதா என்ற கேள்வி வருகிறது. என் தீர்மானம் கைப்பூட்டுத்தான். காரணம், உள்ளே இருக்கிற பாகம் குறைவு. குமிழ் லாக்கில் நின்றால் ஏற்றமானாலும் இறக்கமானாலும் பிடியை விடாது. பூட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன்னே உங்கள் வண்டியில் மாற்றுவதற்கு ஹப் இருக்கிறதா என்று பாருங்கள். சில வண்டியில் சக்கரத்தில் பூட்டே கிடையாது, பூட்டு முன் அச்சுக்குள்ளே இருக்கும். சக்கரத்தில் வெறும் இரும்புத் தட்டுத்தான் இருக்கும். இன்னும் சிலவற்றில் வேக்குவம் குழாய் வந்து ஹப்பைப் பூட்டும். அந்த வகையில் ஹப்பை மாற்றினால் அந்தக் குழாயின் வாயையும் ஒழுங்காக அடைத்துவிட வேண்டும்.

அடுத்தது அளவு. ஆக்சில் ஷாஃப்டின் நுனியில் நீளவாக்கில் பள்ளம் வெட்டியிருக்கும், ஸ்பிளைன் என்பார்கள். அதை எண்ணுங்கள். பழைய வில்லிஸ் ஜீப்பில் 10 இருக்கும். வேறு வண்டியில் 19, இன்னொன்றில் 27 என்று மாறும். ஹப்பைப் பிடிக்கிற போல்ட் எத்தனை என்பதையும் எண்ணுங்கள். ‘இது எல்லா ஜீப்புக்கும் பொருந்துமுங்க’ என்று கடைக்காரர் சொன்னால், பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். இரண்டு பக்கமும் ஒரே ரகமாக, ஒரே சமயத்தில் மாற்றுங்கள். ஒரு பக்கம் தானியங்கி, ஒரு பக்கம் கைப்பூட்டு என்று ஓட்டுகிற வேலை வேண்டாம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நிறையப் பேர் ஹப்பை மாற்றுவது என்றால் பழைய மூடியைக் கழற்றிப் புது மூடியை மாட்டுவது என்று நினைக்கிறார்கள். அங்கேதான் உயிருக்கு ஆபத்து இருக்கிறது.

ஹப்புக்குள்ளே, ஷாஃப்டைச் சுற்றி ஒரு குழாய் மாதிரி இரும்பு இருக்கும், ஸ்பிண்டில். அதன் மேல் இரண்டு பேரிங். பேரிங்குகள் மேல் சக்கரம். இதையெல்லாம் வெளியே வராமல் பிடித்திருப்பது ஸ்பிண்டிலின் மரையில் திருகின பெரிய நட்டு. சக்கரம் வண்டியோடு இருப்பதே அந்த நட்டால்தான். வண்டி ஓடுகிறபோது நட்டு தானாகத் திருகிக்கொண்டு கழன்றுவிடாமல் அதற்கு ஒரு பூட்டு வேண்டும். கைப்பூட்டு ஹப்புள்ள வண்டியில் பெரும்பாலும் உள் நட்டு, நடுவில் ஓட்டை போட்ட ஒரு பூட்டு வாசர், வெளியே இன்னொரு நட்டு என்று இருக்கும். உள் நட்டிலுள்ள சின்ன ஊசி வாசரின் ஓட்டையில் உட்காரும், வெளி நட்டு இறுக்கிப் பிடிக்கும். கழலாது.

தானியங்கி ஹப்புள்ள சில வண்டியில் இந்த ஏற்பாடே வேறு. அமெரிக்காவில் 1983 மாடலாக வந்த ஃபோர்டு ரேஞ்சர் பிக்கப்பை உதாரணமாகச் சொல்லலாம். அதன் தானியங்கி ஹப் வகையில் பேரிங் நட்டு ஒன்றே ஒன்றுதான். நட்டு கழலாமல் இருக்க ஒரு சின்னச் சாவித்துண்டு செருகியிருக்கும். அதன் மேல் ஹப்பின் கேம் போய் உட்கார்ந்துகொள்ளும். கேமைக் கழற்றி எறிந்துவிட்டுக் கைப்பூட்டு ஹப்பை மட்டும் மாட்டினால், அந்தச் சாவித்துண்டை மேலிருந்து பிடித்துக்கொள்ள அந்தக் கேம் அங்கே இருக்காது. அதனால்தான் அந்த வண்டிக்கு ஹப் மாற்றுகிறவர்கள் இரட்டை நட்டும் பூட்டு வாசரும் கொண்ட செட்டைத் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். ஹப் வாங்கினால் அது கூடவே வரும் என்று நினைக்கக் கூடாது, கேட்டு வாங்க வேண்டும்.

இதை எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. மரத்தில் சாய்ந்த வண்டியை எடுத்துக்கொண்டு கீழே ஒரு பட்டறைக்குப் போனேன். பட்டறையின் பேர் வேண்டாம். சாயங்காலத்துக்குள் புது ஹப் மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். பளபளவென்று குமிழ், எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரம் பத்து நாள் ஓடியிருக்கும். இடது முன் சக்கரத்தில் ‘முனுமுனு’ என்று ஒரு சத்தம், பிரேக் மிதித்தால் பெடல் ஒரு தடவை கீழே போய் இரண்டாவது மிதியில்தான் நிற்கிறது. வத்தலக்குண்டில் எனக்குத் தெரிந்த ஒரு வயசான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் கை வைத்து ஆட்டினார். தேர்ச் சக்கரம் மாதிரி ஆடியது.

“யார் மாட்டினாங்க ஐயா இதை?”

சொன்னேன்.

“பழைய நட்டையே போட்டிருக்காங்க. பூட்டு வாசர் எங்கே? இன்னும் நாலு சுற்று கழன்றிருந்தா சக்கரம் உங்களுக்கு முன்னாடி ஊருக்குப் போயிருக்கும்.”

வெளிப் பேரிங் நீலம் பாய்ந்து கிடந்தது. சூட்டில் வெந்துபோயிருக்கிறது. பேரிங்கும் நட்டு செட்டும் வாங்கின செலவைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. முதல் நாள்தான் அந்த வண்டியில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு வந்திருந்தேன்.

ஆகவே பட்டறையில் நிற்கிறபோது நீங்கள் கேட்க வேண்டியது, ‘உள்ளே நட்டு எப்படித் தம்பி பூட்டுது? மூடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை காட்டு’ என்பதுதான். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நட்டை இறுக்குவதிலும் பக்குவம் உண்டு. சக்கரத்தை முன்னும் பின்னும் சுற்றிக்கொண்டே உள் நட்டை இறுக்க வேண்டும். அப்போதுதான் பேரிங் தன் இடத்தில் உட்காரும். பிறகு கால் சுற்று மட்டும் தளர்த்தி, வாசரைப் போட்டு, வெளி நட்டைப் பலமாக இறுக்க வேண்டும். எவ்வளவு பலம் என்பது வண்டிக்கு வண்டி வேறு, அந்தந்த வண்டியின் புத்தகத்தில் இருக்கும். முடித்ததும் சக்கரம் சுலபமாகச் சுற்ற வேண்டும், ஆனால் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. வட்ட நட்டில் உளியை வைத்துச் சுத்தியால் அடித்துத் திருகுகிற வழக்கம் நம் பக்கம் உண்டு. அதற்கென்று நாலு பல் வைத்த ஸ்பானர் இருக்கிறது. அது இல்லாத பட்டறையில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

நீங்களே கழற்றுவதானால் ஒரு சாக்கை விரித்து, கழற்றுகிற வரிசையிலேயே ஒவ்வொன்றாக வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள், அச்சுக்கு அடியில் தடித்த மரக்கட்டை கொடுங்கள். கேமுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற சின்னச் சாவித்துண்டு கிரீஸோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாது. ஒரு காந்தம் இருந்தால் சுலபமாக வந்துவிடும். அதை உள்ளேயே விட்டு மூடிவிட்டால் புது ஹப்பின் பல்லை அது கடித்துவிடும்.

கிரீஸ் விஷயத்தில் நம் ஆட்களுக்குக் கை ரொம்பத் தாராளம். பேரிங்குக்குள் நன்றாகக் கிரீஸ் ஏற்ற வேண்டியதுதான். ஆனால் ஹப்புக்குள் விருந்துச் சோற்றுக்கு நெய் ஊற்றுகிற மாதிரி அப்பக் கூடாது. லேசாகப் பூசினால் போதும். அதிகம் வைத்தால் குளிரில் இறுகிக் குமிழே திரும்பாது. மூடியைப் பிடிக்கிற திருகுகள் சின்னவை. எதிரும் புதிருமாக, அளவாக இறுக்குங்கள். முழு பலத்தையும் காட்டினால் தலை ஒடிந்து உள்ளே நின்றுகொள்ளும். ரப்பர் வளையத்தைச் சரியாக உட்கார வையுங்கள். ஓடையில் இறங்கி ஏறுகிற வண்டிக்கு அது முக்கியம். மழை சீசன் முடிந்ததும் ஒரு தடவை திறந்து பாருங்கள். கிரீஸ் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம், கழுவிப் புதிதாகப் பூசுங்கள்.

மாட்டி முடித்ததும் குட்டி லீவரை டூ ஹெச்சில் வைத்து, சக்கரத்தைத் தூக்கின நிலையிலேயே குமிழை ஃப்ரீயில் வைத்துச் சுற்றுங்கள். ஷாஃப்டு நிற்க வேண்டும். லாக்கில் வைத்துச் சுற்றுங்கள். ஷாஃப்டும் கூடச் சுற்ற வேண்டும். பழைய ஜீப்பில் ஷாஃப்டு உருண்டைக்குள் மறைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அதற்கு முன்னே சொன்ன சோதனையே போதும். பிறகு ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, இரண்டு பக்க ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது. ஆட்டத்தையும் இன்னொரு தடவை பார்த்துவிடுங்கள்.

கைப்பூட்டு ஹப்பை வைத்து ஓட்டுகிற பழக்கம் வேறு. சேற்றில் இறங்கி மாட்டிக்கொண்ட பிறகு, ஹப் முக்கால்வாசி புதைந்து கிடக்கிறபோது கை விட்டுத் தேடுவதில் பிரயோசனமில்லை. மண் பாதை தொடங்குகிற இடத்திலேயே நிறுத்தி இரண்டு பக்கமும் லாக் செய்துகொள்ளுங்கள். மழைக்காலத்தில் நான் காலையில் வீட்டு வாசலிலேயே பூட்டிவிடுகிறேன், ராத்திரிதான் திறப்பேன். ஹப் பூட்டியிருந்து லீவர் டூ ஹெச்சில் இருந்தால் தார் ரோட்டில் ஓட்டினாலும் ஒன்றும் கெடாது. முன் ராடு சும்மா சுற்றும், அவ்வளவுதான். தேவைப்படுகிற இடத்தில் குட்டி லீவரைப் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் காய்ந்த தார் ரோட்டில் லீவரை ஃபோர் ஹெச்சில் போட்டு ஓட்டக் கூடாது. வளைவில் திரும்புகிறபோது முன் சக்கரம் போகிற தூரம் வேறு, பின் சக்கரம் போகிற தூரம் வேறு. மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். தாரில் வழுக்காது. முறுக்கு முழுவதும் கியரிலும் ராடிலும் ஏறும், லீவர் வெளியே வராமல் கடித்துக்கொள்ளும். டிராக்டர்காரர்களுக்கும் இதுதான் சொன்னேன்.

இன்னொரு தப்பும் நடக்கும். ஹப்பைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஃபோர் எல் போட்டுப் பாரத்தை இழுப்பார்கள். முன்பக்கம் சும்மா சுற்றும், அந்த முரட்டு இழுவை மொத்தமும் பின் ஆக்சில் தலையில் விழும். பின் ஷாஃப்டு முறிந்துபோகும். வண்டியை வேறொருவர் ஓட்டக் கொடுக்கிறபோது சாவியோடு இதையும் சொல்லிக் கொடுங்கள்.

குமிழைக் கையால் மட்டும் திருகுங்கள். திரும்பவில்லை என்றால் வண்டியை ஒரு அடி உருட்டிவிட்டுத் திருகினால் பல் நேருக்கு நேர் வந்து உட்காரும். கொறடு போட்டுத் திருகினால் குமிழ்தான் உடையும். வெயில் காலத்தில் மாசக் கணக்காக ஃப்ரீயிலேயே ஓட்டுகிறவர்கள், மாதம் ஒரு தடவையாவது ஹப்பைப் பூட்டி ஒரு பதினைந்து கிலோமீட்டர் ஓட்டுங்கள். முன் அச்சுக்குள் இருக்கிற எண்ணெய் எல்லாப் பல்லிலும் ஏறினால்தான் துருப்பிடிக்காது.

கையால் பூட்டுவதில் சங்கடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொட்டுகிற மழையில் இறங்கித் திருகிவிட்டு ஏறினால் காலில் இரண்டு அட்டையாவது ஏறியிருக்கும். குனிய முடியாத வயசானவர்கள் ஓட்டுகிற வண்டிக்கு, தானியங்கி ஹப் நல்ல நிலையில் இருந்தால் அதையே வைத்துக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கழுவிப் பூசி ஓட்டுவதுதான் உசிதம். டீசல் ஏகத்துக்கு மிச்சமாகும் என்று சொல்லி யாராவது ஹப் விற்க வந்தால் அதையும் நம்பாதீர்கள். ஏற்கெனவே தானியங்கி ஹப்பும் திறந்திருக்கிறபோது இதே வேலையைத்தான் செய்கிறது. மாற்றுவது இறக்கத்தில் பிடிப்புக்காக, டீசலுக்காக இல்லை.

கழற்றின பழைய ஹப், அதன் நட்டு, வாசர், சாவித்துண்டு எல்லாவற்றையும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். ஒரு தகர டப்பாவில் எண்ணெய் விட்டு மூடி வையுங்கள், டப்பாவின் மேல் எந்த வண்டியினுடையது என்று எழுதி ஒட்டுங்கள். வண்டியை விற்கிறபோது வாங்குகிறவர் கேட்டாலும் கேட்பார்.